எச்பி-யூஎக்ஸின் விஜிசிஎஃப்ஜிபேக்கப்: நம்பலாம், ஆனால் ஒவ்வொரு நோடிலும் பார்த்துவிட்டு

தன் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டமான எச்பி-யூஎக்ஸ் 11ஐ வி3-க்கு எச்பிஇ நிறுவனம் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இனி ஒரு டிஸ்க் படுத்தால் முதலில் கைகொடுக்க வேண்டியது, டிஸ்குகளை வால்யூம் குரூப் என்ற தொகுப்புகளாக நிர்வகிக்கும் எல்விஎம்மோடு வரும் விஜிசிஎஃப்ஜிபேக்கப்தான். ஒரு குரூப்பின் அமைப்பை ஃபைலாகச் சேமிக்கும் கட்டளை இது. அடிப்படையில் நல்ல கருவி. எல்விகிரியேட், எல்விஎக்ஸ்டெண்ட், விஜிஎக்ஸ்டெண்ட் என எந்தக் கட்டளையால் அமைப்பு மாறினாலும் தானே ஓடி, '/ஈடிசி/எல்விஎம்கான்ஃப்' அடைவில் (விஜி01 என்ற குரூப் என்றால்) விஜி01.கான்ஃப் என்று எழுதிவிடும், பழைய ஃபைல் .ஓல்டு ஆகும். பெரிய குறை ஒன்றுதான்: ஃபைல் இல்லையென்றால் எங்கும் சொல்லாது. மீட்க உட்காரும் நாளில்தான் தெரியவரும்.

காணாமல் போவதற்கு நாம் முதலில் சந்தேகிக்க வேண்டியது விஜிஇம்போர்ட்டை. வால்யூம் குரூப்பை இன்னொரு சர்வரில் இறக்கும்போது, இந்த மெஷினில் பேக்கப் இல்லாமல் இருக்கலாம், ஆக்டிவேட் செய்தபின் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு எச்சரிக்கை வரும். ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் அது லாகுக்குள் புதைந்துவிடும். பல சர்வர்களை (நோடுகளை) ஒன்றாக இணைக்கும் சர்வீஸ்கார்டு கிளஸ்டரில் இது இன்னும் மோசம்: மாற்றம் செய்த நோடில் மட்டும் ஃபைல் புதிதாகும், மற்ற நோடில் பழையது இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. கட்டளையில் யாராவது '-ஏ என்' (பெரிய எழுத்து ஏ) போட்டிருந்தாலும் பேக்கப் எடுக்கப்படாது. ரூட் ஃபைல்சிஸ்டம் நிரம்பியிருந்தாலும் எழுத முடியாது.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். குரூப்புகளின் பட்டியல் இருக்கும் '/ஈடிசி/எல்விஎம்டேப்' பைனரி ஃபைல் என்பதால் ஸ்டிரிங்ஸ் கட்டளையால் படியுங்கள்; பதிப்பு 2 வகை குரூப்புகளுக்கு எல்விஎம்டேப்_பி தனியாக உண்டு. அதில் வரும் பெயர்களை எல்விஎம்கான்ஃபில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். ஃபைல் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்: பேக்கப்பிலிருந்து மீட்கும் கட்டளையான விஜிசிஎஃப்ஜிரிஸ்டோரை 'விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர் -எல் -என் விஜி01' என்று ஓட்டினால் அதற்குள் இருக்கும் டிஸ்குகளைக் காட்டும். 'விஜிடிஸ்ப்ளே -வி' தரும் பட்டியலோடு பொருந்தவில்லை என்றால் அந்த ஃபைல் பழசு.

இல்லாததை உருவாக்க, குரூப் ஆக்டிவாக இருக்கும்போது விஜிசிஎஃப்ஜிபேக்கப்பை ஓட்டினால் போதும். எல்லா டிஸ்கும் ஆன்லைனில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். '-யூ' இருக்கிறதே என்று நம்ப முடியாது: ஏற்கனவே உள்ள ஃபைலைப் புதுப்பிக்கத்தான் அது, கடைசி பேக்கப்புக்குப்பின் சேர்ந்த டிஸ்குகள் மட்டும் ஆன்லைனில் இருந்தால் போதும் என்ற சலுகை அதில் உண்டு. ஆகவே டிஸ்க் போனபிறகு முதல் பேக்கப் எடுக்க நினைப்பது வீண். அந்த நிலையில் தேட வேண்டியது வேறு இடத்தில்: கிளஸ்டரின் மற்ற நோடிலுள்ள கான்ஃப், அல்லது டேப் பேக்கப். கிடைத்த ஃபைலை விஜிசிஎஃப்ஜிரிஸ்டோரில் '-எஃப்' கொடுத்து நேரடியாகப் பயன்படுத்தலாம். டிஸ்கின் பெயர் மாறியிருந்தால் '-ஓ' உடன் பழைய பெயரைக் கொடுங்கள்.

மீட்கும் வரிசை நேரானது. 'விஜிசேஞ்ச் -ஏ என்' (இங்கே சின்ன எழுத்து ஏ) கொடுத்து குரூப்பை நிறுத்துங்கள். பிறகு விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர், இங்கே பலர் தடுக்கி விழுவது டிஸ்க் பெயரில். கேட்பது '/டெவ்/ஆர்டிஸ்க்' வழியிலுள்ள கேரக்டர் டிவைஸ், பிளாக் டிவைஸ் அல்ல. புது டிஸ்க் என்பதற்காக பிவிகிரியேட் ஓட்ட வேண்டியதில்லை. தலைப்புப் பகுதியை ரிஸ்டோரே எழுதும். பிறகு குரூப்பை ஆக்டிவேட் செய்ய 'விஜிசேஞ்ச் -ஏ ஒய்' (இதுவும் சின்ன ஏ), மிரர் (வேறு டிஸ்கில் தரவின் நகல்) இருந்தால் நகல்களைச் சமப்படுத்த விஜிசிங்க். திரும்பி வருவது எல்விஎம்மின் அமைப்பு மட்டுமே. மிரர் இல்லாத டிஸ்கில் இருந்த தரவை டேப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

லினக்ஸின் எல்விஎம்2-வோடு வைத்துப் பார்த்தால் இது பின்தங்கியே நிற்கிறது. அங்கே பழைய பிரதிகள் ஆர்க்கைவ் அடைவில் சேரும். இயல்பாகக் குறைந்தது 10 பிரதி, 30 நாள். எல்லாம் படிக்கக்கூடிய உரை. இங்கே ஒரே ஒரு .ஓல்டு. அடுத்தடுத்து இரண்டு தவறான மாற்றம் நடந்தால் நல்ல பிரதி போயே போச்சு. இதைவிடக் கவலை தருவது ரூட் டிஸ்க் இருக்கும் விஜி00 குரூப்: ரூட் டிஸ்கின் அமைப்பை அதே ரூட் டிஸ்கில்தான் எழுதி வைக்கிறது.

எனவே இயல்பு அமைப்பை அப்படியே விடாதீர்கள். தினமும் எல்லாக் குரூப்புக்கும் பேக்கப் எடுத்து, எல்விஎம்கான்ஃப் அடைவைத் தேதியிட்டு வேறொரு சர்வருக்கு அனுப்பும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடுவது) ஒன்று போடுங்கள். கூடவே 'விஜிஎக்ஸ்போர்ட் -பி -எஸ் -எம்' தரும் மேப் ஃபைலையும் (குரூப்பிலுள்ள வால்யூம்களின் பெயர்ப் பட்டியல்) சேருங்கள். '-பி' இருப்பதால் எதையும் கழற்றாது. கிளஸ்டரில் பேக்கேஜ் (கிளஸ்டர் ஓட்டும் அப்ளிகேஷன்) நோடு மாறும்போதெல்லாம் அங்கேயும் ஒருமுறை பேக்கப் ஓட வேண்டும்.