ஸ்காபரோவில் அறை தேடும் அகதிகளுக்கு: பற்றுச்சீட்டு தராதவரிடம் காசு கொடுக்காதீர்கள்

அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுத் தங்க இடம் தேடி அலைகிற நம்மவர்களை மட்டுமே குறிவைத்து, கனடாவின் ரொறன்ரோவிலுள்ள ஸ்காபரோவில் ஒருவர் பிழைப்பு நடத்துகிறார். என் முறைப்பாடு விசாரணைக்குப் போயிருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் காசு பறிக்கும் விதத்தை மட்டும் எழுதுகிறேன். இதே விதத்தில் ஏமாந்த வேறு சிலரையும் பிறகு சந்தித்தேன்.

கோயிலில்தான் அறிமுகமானார். ஊரைக் கேட்டார், தன் தாயின் ஊரும் அந்தப் பக்கம்தான் என்றார். "தம்பி, வெல்ஃபேர் எடுத்துத் தருகிறேன், அறையும் பிடித்துத் தருகிறேன், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்" என்றார். வெல்ஃபேர் படிவம் நிரப்ப 300 டொலர் வாங்கினார். வெல்ஃபேர் என்று நாம் சொல்வது ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண அரசின் உதவிப்பணம். அதன் விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்டணம் கிடையாது. அகதிக் கோரிக்கையாளர் எவரும் இணையத்திலோ தொலைபேசியிலோ தாமே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது அறை. ஒரு வீட்டின் நிலவறையில், வேறு மூவரோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் அறை. வாடகை 850 டொலர். முதல் மாதம், கடைசி மாதம், "சேதத்துக்கு" என்று இன்னொரு மாதம், தனக்குக் கமிஷன் என்று அரை மாதம். எல்லாவற்றையும் காசாகவே கேட்டார். பிரான்ஸில் இருக்கும் அண்ணன் கடன்பட்டு அனுப்பிய பணம் அது. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முற்பணமாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டுமே. அதையும் கடைசி மாத வாடகையாகத்தான் கழிக்க வேண்டும். சேத முற்பணமும், அறை தருவதற்கான கமிஷனும் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. வீட்டுக்காரர் வாங்கினாலும் அவருடைய தரகர் வாங்கினாலும் தவறுதான்.

ஒப்பந்தம் கேட்டேன். "ஒரே ஊர்க்காரருக்குள் எழுத்து எதற்கு?" என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன், வீட்டுக்காரர் வரிப் பிரச்சினை என்று மறுத்தார். இந்த மறுப்பால் எனக்கு வந்த நட்டம் கமிஷனைவிடப் பெரியது. தனியாளுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் தருவது மாதம் அதிகபட்சம் 733 டொலர். அதில் 343 அன்றாடச் செலவுக்கு, 390 வரை வாடகைக்கு. வாடகை கொடுப்பதற்கு ஆதாரம் காட்டினால்தான் அந்த 390 வரும். என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை. வேலை அனுமதி வராத அந்தக் காலம் முழுவதும் 343 டொலரை வைத்துக்கொண்டு, மீதியை அண்ணனிடம் கேட்டுக் கேட்டு வாடகை கட்டினேன். தான் வரி கட்டாமல் தப்புவதற்காக ஒரு மனிதர் என் வாடகை உதவியை மாதா மாதம் இல்லாமல் செய்தார். இதை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

தை மாதக் குளிரில் ஜன்னலின் உட்பக்கத்திலேயே பனி உறைந்து கிடந்தது. வெப்பத்தைக் கூட்டும் கருவி மேல்மாடியில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது. ரொறன்ரோ மாநகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை வெப்பம் இருக்க வேண்டும். அதைச் சொன்னபோது தரகர் தொலைபேசியில் அழைத்தார். "இமிக்ரேஷனுக்கு ஒரு கடிதம் போட்டால் உன் கேஸ் முடிந்தது" என்றார். அதுவரை தம்பி, நீங்கள், அன்றிலிருந்து நீ.

சில நாட்களில் பூட்டை மாற்றிவிட்டார்கள். என் உடைமைகள் கறுப்புக் குப்பைப் பைகளில் வாசற்படியில் கிடந்தன. அகதிக் கோரிக்கைப் பத்திரம் இருந்த மண்ணிற உறை நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் பலரும் வாய் திறப்பதில்லை. உங்கள் கோரிக்கையைத் தீர்மானிப்பது கனடாவின் குடிவரவு, அகதிகள் சபை. வீட்டுக்காரரோடு வாடகைத் தகராறு இருப்பதோ, வெல்ஃபேர் எடுப்பதோ அகதி அந்தஸ்தை மறுப்பதற்குக் காரணம் ஆகாது. பூட்டை மாற்றிவிட்டுச் சாவி தராமல் இருப்பதுதான் இங்கே குற்றம். வீட்டுக்காரர்-குடியிருப்பாளர் தகராறுகளைத் தீர்க்கும் வாடகைச் சபையின் உத்தரவும், அதை நிறைவேற்ற வரும் ஷெரிப் என்ற நீதிமன்ற அதிகாரியும் இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது.

ஒன்றை மட்டும் அறை எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: சமையலறையையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு பகிர வேண்டுமா? அப்படியானால் நான் சொன்ன வாடகைக் குடியிருப்புச் சட்டம் உங்களைக் காக்காது. எங்களுடையது குடியிருப்பாளர்கள் மட்டும் பகிர்ந்த சமையலறை. ஆகவே சட்டம் எங்களுக்குப் பொருந்தியது. நிலவறை அனுமதியில்லாமல் கட்டப்பட்டது என்பதால் உங்கள் உரிமை போய்விடாது.

இலவச சமூகச் சட்ட உதவி நிலையம் ஒன்றில்தான் இவையெல்லாம் எனக்கு விளங்கின. கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வாடகைச் சபைக்குக் கொடுக்கும் ரி1 (T1) படிவத்தை அவர்களே நிரப்பித் தந்தார்கள். பணம் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத குறையை, வங்கியில் காசு எடுத்த பதிவுகளும் தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளும் ஓரளவு ஈடு செய்கின்றன. விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கிறேன்.

இப்போது இதே நிலையில் இருப்பவர்கள் அந்தக் குரல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஒன்ராறியோவின் பொது வாடகை ஒப்பந்தப் படிவத்தை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். 21 நாட்களுக்குள் அவர் தந்தாக வேண்டும். 211 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையம் எது என்று சொல்வார்கள்.