சேடில் பேக்குக்கு முன்பணம் கட்டி 18,400 போச்சு. நீங்க கட்டுறதுக்கு முன்னாடி படிங்க

பயணம் கிளம்ப இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. கொதிப்பு அடங்காமத்தான் எழுதுறேன். சமூக வலைதளத்துல பைக் பயணச் சாமான் மட்டும் விற்கிற ஒரு பக்கம். ஒரு ஜோடி சேடில் பேக் (பின் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பை), பின் சீட்டுக்கு ஒரு டெயில் பேக், சைலன்சர் சூடு பையில படாம தடுக்க அலுமினிய வெப்பத் தகடு. எல்லாம் சேர்த்து 18,400. முழுத் தொகையும் முன்கூட்டியே.

நம்பினதுக்குக் காரணம், அந்த ஆளுக்கு விஷயம் தெரிஞ்சிருந்தது. விலை பேசுறதுக்கு முன்னாடியே பைக் மாடல் கேட்டார். சைலன்சர் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துல போகுதுன்னு கேட்டார். "ரோல்-டாப் வாயை மூணு சுத்தாவது சுத்தணும் ப்ரோ, இல்லேன்னா தண்ணி ஏறும்"னு அவரே சொன்னார் (ரோல்-டாப்னா வாயைச் சுருட்டி மூடுற பை). சரியான பேச்சு அது. அப்புறம் வீடியோ கால்ல பேக்கைத் தரையில வெச்சு, மேலே ஒரு வாளித் தண்ணி ஊத்தினார். உள்ளே இருந்த செய்தித்தாள் காய்ஞ்சே இருந்தது. அந்த நிமிஷமே பணம் அனுப்பியாச்சு.

பேக் கைக்கு வந்த பிறகுதான் புரிஞ்சது, ஏமாந்த இடம் அந்த வாளிதான். மேலே ஊத்தினா சோதனை ஆகுறது துணி மட்டும்தான். ஓடுற பைக்குல பின் டயர் கீழிருந்து தண்ணியை அடிக்கும்; எதிர்க்காத்து மழையைத் தையலுக்குள்ள தள்ளும். "சீம் வெல்டு பண்ணது, தையலே கிடையாது"ன்னு சொன்ன பேக்கோட அடிப்பக்கம் முழுக்கத் தையல். உள்பக்கம் தையல் ஓட்டையை மூடுற சீம் டேப்பும் ஒட்டல. இருட்டு அறையில உள்ளே டார்ச்சைப் போட்டா, தையல் நெடுக ஊசி ஊசியா வெளிச்சம். 3 லிட்டர் தண்ணி உள்ளே ஊத்தித் தொங்கவிட்டா, பத்து நிமிஷத்துல கீழே குட்டை. இதுக்குள்ளதான் ஸ்லீப்பிங் பேக் போகணும். இறகு அடைச்சது நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கும், சூட்டைப் பிடிக்காது. மலைக் குளிருல அது உயிர் விஷயம்.

கொள்ளளவும் பொய். பக்கத்துக்கு 30 லிட்டர்னு சொன்னார். அளந்தா நீளம் 40 செ.மீ., உயரம் 30, அகலம் 16. அதாவது 19.2 லிட்டர். 30 வரணும்னா அகலம் 25 இருக்கணும். ரெண்டு பக்கமும் சேர்த்து 21 லிட்டருக்கு மேல குறையுது. கீழே, பின் அச்சுக்கு முன்னால உட்கார வேண்டிய டென்டும் ஸ்டவ்வும் இடமில்லாம சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கேரியருக்கு ஏறும். அச்சுக்குப் பின்னாடி கனம் ஏறினா முன் சக்கரம் லேசாகி, வேகத்துல ஹேண்டில் ஆடும். கேரியர் தாங்குறது பெரும்பாலும் சில கிலோதான். மீறினா பிராக்கெட் விரிசல் விடும். வெப்பத் தகடு வரவே இல்லை. பக்கத்துக்கு 6 கிலோ ஏத்தினதும் பட்டை இளகி, பேக் சைலன்சர்கிட்ட ரெண்டு விரல் இடைவெளிக்கு இறங்கிடுச்சு. அப்படியே ஓட்டினா உருகும், தீயும் பிடிக்கலாம்.

18,400க்கு இது.

அவர்கிட்ட புகார் சொன்னேன். முதல் நாள் பதில்: "யூஸ் பண்ணப் பண்ண விரியும் ப்ரோ." தைச்ச துணி எப்படிங்க 9 செ.மீ. விரியும்? ரெண்டாம் நாள், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" எடுத்திருந்தது, அனுப்பியாச்சு. மூணாம் நாள், "குடோன்ல கேட்டுச் சொல்றேன்." நாலாம் நாள், "சிலிகான் ஸ்ப்ரே அடிங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." தகட்டைப் பத்தி வாயே திறக்கல. இன்னைக்குக் காலையில என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். அந்தப் பக்கத்துல நான் போட்ட கமென்ட்டையும் அழிச்சுட்டார். 18,400 அவர்கிட்ட, ஓட்டைப் பை என்கிட்ட.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை எல்லாம் வரிசையா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருது. வீடியோவுல பேக்கைக் கவிழ்த்து அடித்தையலைக் காட்டச் சொல்லுங்க, தண்ணியை உள்ளே ஊத்தச் சொல்லுங்க. லிட்டர் கணக்கை நம்பாதீங்க, மூணு அளவையும் டேப் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. பொருள் கைக்கு வந்த பிறகு பணம். ஏற்கெனவே இதே மாதிரி பேக் வாங்கி மாட்டிக்கிட்டவங்க, உள்ளே தடிமனான பிளாஸ்டிக் பை போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்க. தொங்குற பட்டை நுனியை மடிச்சு டேப் ஒட்டுங்க. செயின்ல சிக்கினா பின் சக்கரமே பூட்டிக்கும்.

வங்கியில புகார் கொடுத்தாச்சு. 18,400 திரும்பி வந்தா இதே பதிவுல சொல்றேன்.