பழைய கீர்த்தனையா, புதுப் பாட்டா?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவ சபைகளில் பாட்டு நடத்துகிறவர்களின் கேள்வி இது: இருக்கிற கீர்த்தனைகள் போதாதா, புதிதாக எழுத வேண்டுமா?

செலவு: கீர்த்தனைக்குப் பாட்டுப் புத்தகம் போதும். புதுப் பாட்டுக்கு ஒரு கொப்பி போதும். ஒலிப்பதிவுக்கு இறங்கினால்தான் காசு கரையும்.

பழக்கம்: பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாடுவது கீர்த்தனையைத்தான். புதுப் பாட்டைச் சில ஞாயிறுகள் பழக்க வேண்டும்.

நிலைப்பு: கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் மறைந்தது 1864இல், அவர் பாட்டு இன்றும் நிற்கிறது. புதியவற்றில் பல நிற்காது. சரி, அவரும் தம் காலத்தில் புதிதாக எழுதியவர்தானே?

சொல்: இங்கேதான் எனக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. கீர்த்தனையில் வேத ஆழம் உண்டு. ஆனால் கொழுந்துக் கூடை, அட்டைக்கடி, நாள் வேலையைக் கணக்கில் பதிந்து பெயர் போடும்போது குறைகிற அரைநாள் சம்பளம் அதில் இல்லை. அடைமழையில் லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்த வாரத்தில் சபை எதைப் பாடி அழும்? அந்த மன்றாட்டை அங்கே வாழ்கிறவர்தான் எழுத முடியும். 96ஆம் சங்கீதம் தொடங்குவதே புதுப்பாட்டுப் பாடச் சொல்லித்தான்.

கலியாணம், அடக்க ஆராதனை, திருவிருந்து என்றால் கீர்த்தனை. வாலிபர் கூட்டம், அறுப்பின் பண்டிகை, இழப்பு வந்த வாரம் என்றால் தயங்காமல் எழுதுங்கள். தாளத்துக்குத் தோட்டத்துத் தப்பு மேளத்தையே எடுங்கள்.