காதுகுத்துக்கு வராத தாய்மாமன்

திங்கள் முதல் சனி வரை இரவு 8.30 மணிக்கு ஒளிபரப்பாகும் ஒரு குடும்பத் தொடரை, மதுரை தெற்குவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறோம். விளம்பரங்களைக் கழித்தால் ஒரு பகுதி ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். இதுவரை வந்தவை 1,200 பகுதிகளுக்கு மேல் என்பதால், என் தாயார் அந்தக் குடும்பத்தோடு குறைந்தது 440 மணி நேரம் இருந்திருக்கிறார். சொந்தத் தம்பி வீட்டில்கூட அவர் அத்தனை நேரம் தங்கியதில்லை. பெயரைச் சொல்லாமல் ஒன்றை மதிப்பிடுவது முறையா என்று வாசகர் கேட்கலாம். இந்தத் தொடரில் நான் காணும் குறை வேறு பல தொடர்களிலும் இருப்பதால், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட மனம் வரவில்லை; நாள்தோறும் பார்ப்பவர்கள் அடுத்த பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கீழமாசி வீதியில் மளிகை மண்டி வைத்திருக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதை இது. படப்பிடிப்பு சென்னையில்தான் நடக்கிறது என்பது வீட்டைப் பார்த்தாலே தெரியும். கீழமாசி வீதியில் அவ்வளவு பெரிய முற்றத்தோடு வீடு வைத்திருப்பவர் மளிகை விற்க வேண்டிய அவசியமே இல்லை. நடுநடுவே தெற்குக் கோபுரத்தையும் வைகைப் பாலத்தையும் உயரத்திலிருந்து காட்டி, நம்மை மதுரைக்குள் இறக்கிவிடுகிறார்கள். மூத்த மருமகளாக நடிப்பவர் 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்பதை உறுத்தாமல் பேசுகிறார். பின்னணி இசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மற்றபடி நடிப்பிலும் ஒளிப்பதிவிலும் பெரிய குறை ஏதும் இல்லை.

இந்தத் தொடருக்கு எங்களை இழுத்தவர் அந்த வீட்டுத் தாய்மாமன். முதல் பகுதியின் மூன்றாவது காட்சியிலேயே நத்தம் பேருந்தில் வந்து இறங்குவார். கையில் மஞ்சப்பை, பைக்குள் சிறுமலைப் பழம். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே அக்காளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நாற்பது ஆண்டுகளாக நாடகத்திலும் திரையிலும் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோன ஒரு மூத்த நடிகர், இதை நடிப்பு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சாதாரணமாகச் செய்தார். கதைக்கும் அவர்தான் ஆணிவேர். மண்டி வாங்கிய பணம் மச்சானுடையதன்று, அக்காளின் நகைகளை அடகு வைத்து வந்தது என்ற உண்மை அவர் ஒருவருக்கே தெரியும். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. ஏறத்தாழ நாற்பதாவது பகுதியில், இளைய மகனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் அந்த ரகசியத்தை அவர் சொல்லும் காட்சியின்போது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயாரின் கை அப்படியே நின்றுவிட்டது.

700 பகுதிகளைக் கடந்த ஒரு நாள், அவர் திண்ணையில் காபி குடித்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, வர்ற வாரம் வர்றேன்" என்று கிளம்பினார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

அவர் போனதை நாங்களும் உடனே கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடத்தல், விபத்து, ஞாபகமறதி என்று கதை ஓடிக்கொண்டிருந்ததில் இரண்டு மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன. பிறகு பேரனுக்குக் காதுகுத்து வந்தது. நான்கு நாட்களுக்கு நீட்டினார்கள். குலதெய்வக் கோவில், பந்தல், மேளம், ஆசாரி எல்லாம் இருந்தன. பிள்ளையைத் தாத்தா மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பிள்ளைக்கு ஒரு தாய்மாமன் இல்லை. பிள்ளையின் தகப்பனுக்குத் தாய்மாமனாகிய, அந்தத் தலைமுறை முழுவதையும் மடியில் வைத்துக் காது குத்திய அந்தப் பெரியவரும் இல்லை.

"டேய், மாமன் எங்கடா? யாரு மடியில உக்கார வச்சிருக்காய்ங்க?" என்று என் தாயார் கேட்டார். எதிர்வீட்டுப் பெரியம்மாவும் அதே நேரத்தில் வாசலைத் தாண்டி வந்து அதையே கேட்டார்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் போர்டு வைத்தால், பிள்ளையின் முகத்தைவிடத் தாய்மாமன்களின் முகங்கள் பெரிதாக இருக்கும். சீர்த்தட்டு வரும்வரை ஆசாரி ஊசியை எடுக்கமாட்டார். அவ்வளவு ஏன், மீனாட்சி திருக்கல்யாணத்தில் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் ஆண்டுதோறும் வந்தாக வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுப்பதற்காக என்று தலபுராணம் சொன்னாலும், தங்கை கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போனார் என்ற கதையைத்தான் ஊர் பிடித்து வைத்திருக்கிறது. அண்ணன் பிந்தியதையே இத்தனை தலைமுறையாக மறக்காத ஊரில் கதையை நடத்திக்கொண்டு, மாமன் வரவே இல்லை என்பதை ஒரு வார்த்தையில்கூடக் கேட்காத குடும்பத்தைக் காட்டினால், கோபுரத்தை எத்தனை முறை காட்டியும் அது மதுரைக் குடும்பம் ஆகாது.

நடிகர் விலகியதை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு உடல்நலம் காரணமாக இருக்கலாம், வேறு வாய்ப்புக் காரணமாக இருக்கலாம், சம்பளப் பேச்சாகவும் இருக்கலாம். சின்னத்திரையில் பெரும்பாலான நடிகர்களுக்கு நாள் கணக்கில்தான் ஊதியம் என்பதால், கூடத்தில் எட்டுப் பேர் நிற்கும் காட்சிக்கு எட்டுப் பேரின் கால்ஷீட்டும் ஒரே நாளில் பொருந்த வேண்டும். பொருந்தாத நாளில் முதலில் வெட்டுப்படுவது கதாநாயகி அல்லர், மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் பெரியவரே. வியாழக்கிழமைதோறும், எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் பார்வையாளர் புள்ளிகள் வெளியானதும் கதையின் போக்கு மாறிவிடுகிறது. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று எழுதும் கைகளும் இடையில் மாறுகின்றன. நாற்பதாவது பகுதியில் மொட்டைமாடியில் என்ன பேசினார்கள் என்பது, எண்ணூறாவது பகுதியை எழுத வந்தவருக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் தொடர்களில் நேர்மையான ஒரு வழக்கம் உண்டு. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவார்கள். கேலிக்கு ஆளான வழக்கம்தான் என்றாலும், போனவரைப் போனார் என்று சொல்லும் மரியாதை அதில் இருக்கிறது. 'எதிர்நீச்சல்' தொடரில் மதுரைக்காரரான ஆதி குணசேகரனாக நடித்த தேனி மாவட்டத்துக்காரர் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானபோது, 'இந்தாம்மா ஏய்' என்ற அவர் குரலை டீக்கடையெல்லாம் போலி செய்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ஒப்பிடாமல் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனாலும் நாற்காலி காலியானதும் நிரம்பியதும் எல்லோர் கண்முன்னும் நடந்தன. 'சித்தி 2' தொடரிலிருந்து 2021இல் ராதிகா விலகிய பின்பும், யாரை வைத்துத் தலைப்பு வந்ததோ அவர் இல்லாமலே அது ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதுவும் அறிவித்துச் சென்ற விலகல்.

சொல்லாமல் தொலைப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் அன்று. அமெரிக்காவில் 1970இல் தொடங்கிய 'ஆல் மை சில்ட்ரன்' தொடரில், பனிச்சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போன ஒரு பையன் இறங்கி வரவே இல்லை. வீட்டில் ஒருவரும் தேடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தொடர்க்காரர்களே அதைக் கேலி செய்து ஒரு காட்சி வைத்தார்கள். மறுபக்கம், 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரின் முதல் வசனத்தை 1956 ஏப்ரல் 2 அன்று பேசிய ஹெலன் வாக்னர், இடையில் சில இடைவெளிகள் விழுந்தாலும், 2010 மே மாதம் தம் 91ஆம் வயதில் இறக்கும்வரை அதே பாத்திரத்துக்கு உரியவராகவே இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தொடரும் முடிந்தது.

எங்கள் தொடருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்பட்டிருக்காது. காதுகுத்து அன்று ஒரு பையன் சீர்த்தட்டோடு வந்து, "மாமாவுக்கு முடியலையாம், சீரைக் கொடுத்து விட்டிருக்காரு" என்று சொல்லியிருந்தால் போதும். தட்டில் இரண்டு சீப்புச் சிறுமலைப் பழம் இருந்திருந்தால், என் தாயார் அன்று அழுதிருப்பார். கால்ஷீட் வேண்டாம், பேட்டா வேண்டாம். அக்காளாக நடிப்பவர் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு நொடி வாசலைப் பார்த்தால் ஆயிற்று.

கட்டணம் செலுத்திப் பார்க்கும் செயலியில் பழைய பகுதிகள் அனைத்தும் வரிசையாகக் கிடைப்பதால், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சரிபார்த்தேன். மாமன் போன பிறகும் ஏழெட்டு வாரங்களுக்கு முகப்புப் பாடலில் அவர் ஊஞ்சலில் சிரித்துக்கொண்டிருக்கிறார். பின்னர் அந்த இடத்தில் புதிதாக வந்த போலீஸ்கார மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றுகிறார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படம் இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்தது. பிறகு அந்த ஆணியில் ஒரு பிள்ளையார் படம் தொங்குகிறது. ஆணியடியில், பழைய சட்டம் மறைத்திருந்த அளவுக்குச் சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. கலை இயக்குநரின் ஆட்கள் வண்ணம் பூச மறந்திருக்கலாம். அந்த வீட்டில் மாமனை நினைவில் வைத்திருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான்.

சென்ற மாதம் மண்டி வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிடாமல் அந்த வழக்கை எப்படி நடத்துவார்கள் என்று தெருவே காத்திருந்தது. இதுவரை யாரும் பார்த்திராத ஒரு குடும்ப வக்கீல் வந்து நின்று, நகை அடகு வைத்த கதையை, மொட்டைமாடியில் மாமன் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். பத்திரத்தை நெருக்கத்தில் காட்டியபோது சாட்சி என்ற இடத்தில் வக்கீலின் பெயர் இருந்தது. இளைய மகன் முதன்முறையாகக் கேட்பவன்போல் அதிர்ச்சியடைந்தான். எதிர்வீட்டுப் பெரியம்மா எழுந்து போய்விட்டார்; மறுநாள் வந்தார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: செயலியில் முதல் 700 பகுதிகளைப் பொறுமையாகப் பாருங்கள், நல்ல தொடர். மொட்டைமாடிக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். பேருந்துக்கு நேரமாயிற்று என்று மாமன் எழுந்திருக்கும்போது நீங்களும் எழுந்துவிடலாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். ஒன்று மூத்த மருமகளின் பேச்சுக்கு, மற்றொன்று அந்த மஞ்சப்பைக்கு.