கதகதப்புக்கும் குறைவில்லை, சத்தத்துக்கும் குறைவில்லை

அடுத்த மார்ச்சில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நெடுந்தூர மலைப்பாதையைத் தனியாக நடக்கக் கிளம்பும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் அதே காற்று மெத்தை தள்ளுபடியில் கிடைப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வராது. கேட்டுவிட்டார், அனுபவிக்கட்டும்.

எடை 370 கிராம், குளிர்தாங்கும் ஆர் மதிப்பு 4.5, சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு. பெட்டியில் போட்டிருப்பது எதுவும் பொய்யில்லை. வால்வும் நல்ல வால்வு. கூடவே கொடுக்கும் ஊதுபையில் காற்றைப் பிடித்துச் சில தடவை அமுக்கினால் மெத்தை நிரம்பிவிடும். வாயால் ஊதி உள்ளே ஈரத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. விவரம் இவ்வளவுதான். மீதி எல்லாம் சத்தம்.

தரையின் குளிரைத் தடுக்க மெத்தையின் வயிற்றுக்குள் உலோகப் பூச்சுள்ள மெல்லிய தாளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உடம்புச் சூட்டை அது திருப்பி அனுப்புகிறது. நாம் புரளும்போது அந்தத் தாள் கசங்குகிறது. கசங்கினால், உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை யாரோ பிரிக்கிற சத்தம். கடையில் விரித்துப் படுத்துப் பார்த்தால் இது காதில் விழாது. கடைகளில் எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஜார்ஜியா காடுகளில் பாட்டு ஓடுவதில்லை. பாதை தொடங்கும் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து சில மைலுக்கு ஒரு ஷெல்ட்டர் வரும்: மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, பலகைத் தரை. மார்ச் மாதத்தில் அந்தப் பலகையில் தோளோடு தோள் உரசப் படுத்திருப்பார்கள். தனியாக நடக்கிறேன் என்று வீட்டில் சண்டை போட்டுக் கிளம்பியவருக்கு முதலில் தெரியவருவது இதுதான்: தனிமையெல்லாம் பகலில்தான். இருட்டிய பிறகு முன்பின் தெரியாதவர்களின் குறட்டைக்கும் ஈரக் காலுறைக்கும் நடுவில்தான் படுக்கை. அங்கே இரவு ஒன்பது மணியே நள்ளிரவு. அதற்குமேல் யாராவது தலைவிளக்கைப் போட்டாலே நாலு பெருமூச்சு கேட்கும்.

ஹாக் மவுண்டன் ஷெல்ட்டரில் நான் இடமும் வலமுமாகப் புரண்டதும் இருட்டுக்குள்ளிருந்து வயதான ஒரு பெண்மணியின் குரல் வந்தது: “யாரப்பா அது, ஒருவராகவே தின்று தீர்க்கிறீர்களே, எனக்கும் கொஞ்சம் சிப்ஸ் தரக்கூடாதா?” ஷெல்ட்டரே சிரித்தது. இந்தப் பாதையில் சொந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை; கூட நடப்பவர்கள் வைப்பதுதான் பெயர். விடிந்தபோது நான் சிப்ஸ். ஒவ்வொரு ஷெல்ட்டரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும், வந்துபோகிறவர்கள் அதில் எழுதிவைப்பார்கள். எனக்கு முன்னால் போன யாரோ ஒரு புண்ணியவான் அதில், ‘பின்னால் சிப்ஸ் வருகிறார், காதடைப்பான் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். ஷெல்ட்டர் எலிகளுக்குக்கூட இந்த மரியாதை கிடையாது. அவற்றுக்காகச் செய்வதெல்லாம், உணவுப் பையைக் கயிற்றில் கட்டி, எலி இறங்கி வராதபடி கயிற்றின் நடுவில் ஒரு தகரடப்பாவைக் கவிழ்த்துக் கோத்துவைப்பதுதான். எலி கயிற்றில் இறங்கி வந்து டப்பாவின் மேல் வழுக்கி விழும் ‘டிங்’ சத்தத்தை நான் நிறையவே கேட்டிருக்கிறேன். விழித்திருப்பவனுக்கு எல்லாம் கேட்கும்.

இதில் அநியாயம் என்னவென்றால், முதல் வாரங்களில் உடம்பு எந்தப் பக்கமும் படுக்க விடாது. முழங்கால், இடுப்பு, குதிகால் என்று முறைவைத்து வலிக்கும். ஆகவே மனிதன் அதிகம் புரள்வதும் அப்போதுதான். ஷெல்ட்டரில் கூட்டம் மிகுந்திருப்பதும் அப்போதுதான். ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் போக வேண்டிய பாதையில் 50 கிலோமீட்டர் தாண்டியதும் வரும் நீல் கேப் கணவாயிலேயே மூட்டை கட்டி ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. போகப்போகக் கூட்டம் கரையும். சத்தம் போடுகிற மெத்தையும் அதைக் கேட்கிற காதுகளும் ஒன்றுசேரும் காலம் இந்த முதல் வாரங்கள்தான்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மெத்தைக்கு மேல் சட்டையை விரித்தேன், சட்டைதான் கசங்கியது. காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். சத்தம் குறைந்தது, இடுப்பு பலகையைத் தொட்டது. ஷெல்ட்டரே வேண்டாம் என்று கூடாரத்துக்குப் போனேன். அங்கே வேறு கதை. மெத்தையின் மேல்துணி வழவழப்பானது, ஸ்லீப்பிங் பேக்கின் துணியும் வழவழப்பானது, ஜார்ஜியாவில் சமதரை என்பது அபூர்வம். நள்ளிரவில் கண்விழித்தால் கூடாரத்தின் கால்மாட்டில் சுருண்டு கிடப்பேன், ஸ்லீப்பிங் பேக்கின் நுனி கூடாரத் துணியில் வியர்த்திருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். பருப்புப்பொடி போட்ட உருளைக்கிழங்கு மாவுக் கஞ்சி வயிற்றில் இருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிகாலையில் மெத்தை தொய்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று பதறாதீர்கள். மாலையில் 15 டிகிரியில் அடைத்த காற்று 0 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். படுக்கப்போகும் முன் இரண்டு மூச்சுக் காற்று கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு வந்தது உண்மையான ஓட்டை. வட கரோலினாவுக்குள் நுழைந்த பிறகு, ஏதோ ஒரு ஷெல்ட்டர்ப் பலகையின் சிராய் செய்த வேலை. பிராங்க்ளின் ஊரில் அறை எடுத்து, குளியல் தொட்டியை நிரப்பி, மெத்தையைப் பகுதி பகுதியாக அமுக்கிப் பார்த்தேன். ஓரத்து ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி ஏறின. பேனாவால் வட்டம் போட்டு, துடைத்து உலர்த்தி, ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து, ஒட்டுப் போட்டு, மேலே முதுகுப்பையை வைத்து இரவு முழுக்க விட்டேன். அந்த ஒட்டு இன்றுவரை அசையவில்லை. சத்தத்தைப் பற்றியும் அப்போதே தயாரிப்பாளருக்கு எழுதினேன். ‘அது இயல்பானதே, பழகப் பழகக் குறையும்’ என்று பதில். குறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். என் காது மழுங்கியிருக்கவும் கூடும்.

பிறகு ஃபோன்டானா அணையைத் தாண்டினால் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா. அங்கே கூடாரத்துக்குத் தப்பி ஓட முடியாது. நெடுந்தூர நடைக்காரர்கள் ஷெல்ட்டரில்தான் தங்க வேண்டும். அது நிரம்பினால்தான் பக்கத்தில் கூடாரம் போடலாம். 110 கிலோமீட்டருக்கு மேல் இந்த விதிதான். ஷெல்ட்டர் நிரம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பாதையின் மிக உயரமான இடமான 2,025 மீட்டர் குவோஹிக்கு (2024 வரை இதன் பெயர் கிளிங்மன்ஸ் டோம்) முந்தைய ராத்திரி பனி பெய்தது. திறந்த பக்கத்தில் கட்டியிருந்த தார்ப்பாய் விறைத்துப்போனது. மடிப்பு ஃபோம் பாய் வைத்திருந்த இளைஞர்கள் இரண்டு பேர் விடியும்வரை எழுந்து எழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீழிருந்து ஒரு துளிக் குளிர் ஏறவில்லை. அசையக் கூச்சப்பட்டு மல்லாந்து கிடந்தேன், கதகதப்பாக. காலையில் அவர்களில் ஒருவர் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டார்.

இனி பதில். வாங்காதீர்கள். 400 கிராம் சொச்சத்தில் மடிப்பு ஃபோம் பாய் கிடைக்கும். ஆர் மதிப்பு 2தான், ஆனால் ஓட்டை விழாது, மத்தியானம் பாறையில் போட்டு உட்காரலாம், யாரும் உங்களுக்குப் பட்டப்பெயர் வைக்க மாட்டார்கள். குளிருக்குக் கனமான ஸ்லீப்பிங் பேக் எடுத்துக்கொண்டு சமாளியுங்கள். இதைப் படித்த பிறகும் தள்ளுபடிதான் கண்ணில் நிற்கிறது என்றால் அகலமான அளவாகப் பார்த்து வாங்குங்கள், குறுகிய அளவில் முழங்கை வெளியே தொங்கும். ஒட்டுத்துண்டு இரண்டு கூடுதலாக வாங்கி முதலுதவிப் பையில் வையுங்கள். என்னுடையதைக் கொடுத்துவிடுங்களேன் என்று மட்டும் கேட்க வேண்டாம். அக்டோபரில் மறுபடி மலைக்குப் போகிறேன், எனக்கு அது வேண்டும்.