1965 மஸ்டாங்கின் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு ஒரு பழுதுபார்ப்புத் தொகுப்பு: வாங்கலாமா?

காசு கொடுப்பதற்கு முன் பாக்ஸைக் கழற்றி, வார்மை (ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் திருகுபோல் சுருண்ட பகுதி) கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எஃகுப் பந்துகள் ஓடும் அதன் தடத்தில் விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் இந்தத் தொகுப்பு உங்களுக்கு உதவாது. இதில் வருபவை வார்மின் இரு முனை பேரிங்குகள், செக்டர் ஷாஃப்ட்டின் (வார்மின் அசைவைப் பற்களால் வாங்கிச் சக்கரங்களின் பக்கம் கடத்தும் தண்டு) புஷ்கள் எனும் உலோக வளையங்கள், இரண்டு சீல், ஒரு கேஸ்கெட், புதிய எஃகுப் பந்துகள். தேய்ந்த வார்மையும் தேய்ந்த செக்டர் பல்லையும் இவற்றால் மீட்க முடியாது. விற்பனை விவரத்தில் இதைச் சொல்லவே இல்லை. என் முதல் குறை அதுதான்.

என் கார் 1965 மஸ்டாங், பவர் ஸ்டீயரிங் இல்லாதது. சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டீயரிங்கை மூன்று அங்குலம் அசைத்தாலும் அவை திரும்பவில்லை. முன்பு வைத்திருந்தவர் அதற்குக் கண்ட வழி, பாக்ஸின் மேலிருக்கும் சரிசெய்யும் திருகை நன்றாக இறுக்கிவிடுவது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் வார்மும் செக்டரும் நடுவில்தான் அதிகம் தேயும். அந்த ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பல்லோடு பல் நெரிபடும். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் கனத்தது. வளைவு முடிந்த பிறகும் தானாக நேருக்கு வரவில்லை.

கழற்றுவதுதான் பெரிய வேலை. இந்த ஆண்டு வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் வார்மும் ஒரே நீளத் தண்டு. அதனால் ஸ்டீயரிங் வீலையும் அதன் கீழுள்ள உறையையும் முதலில் எடுத்தாக வேண்டும். சட்டகத்தோடு பாக்ஸைப் பிடித்திருப்பவை மூன்றே போல்ட்டுகள். அவை பெரிதாக அடம் பிடிக்கவில்லை. அடம் பிடித்தது பிட்மேன் ஆர்ம், அதாவது செக்டர் ஷாஃப்ட்டின் முனையில் பூட்டியிருக்கும் நெம்புகோல். அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள், அந்த அடி நேராக உள்ளே இருக்கும் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் போகும். இழுத்துக் கழற்றும் நல்ல புல்லர் ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் முன்கூட்டியே குறி வெட்டி வைத்தேன். ஆர்ம் கழன்ற பிறகு, இருபுறமும் முட்டும்வரை ஸ்டீயரிங்கை வேகமாகச் சுழற்றக் கூடாது. பந்துகள் திரும்பிவரும் குழாய்கள் நசுங்கிவிடும்.

என் வார்மில் நகம் சிக்கவில்லை. அந்த நிம்மதியோடுதான் தொகுப்பைப் பிரித்தேன்.

பேரிங்குகள் அருமை, கையில் சுற்றிப் பார்த்தபோது எந்தக் கரகரப்பும் இல்லை. பந்துகளை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்தேன், அளவு மாறியது ஒன்றுகூட இல்லை. பழைய பந்து ஒன்றைக்கூட இவற்றோடு கலக்காதீர்கள். அளவில் சற்றே பெரிய பந்து முழுச் சுமையையும் தானே வாங்கிக்கொள்ளும். புஷ்கள்தான் ஏமாற்றின. அழுத்திப் பொருத்தியதும் துளை சுருங்கி, செக்டர் ஷாஃப்ட் உள்ளே போக மறுத்தது. துளையைப் பெரிதாக்கும் ரீமரால் துளி துளியாகச் சுரண்டிச் சரிசெய்ய ஒரு முழு மாலை போயிற்று. ரீமர் வேண்டியிருக்கும் என்று உடன் வந்த தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ரீமர் இல்லாத ஒருவர் இந்த இடத்தில் சுத்தியலைத்தான் எடுப்பார் என்பதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. சரிசெய்யும் திருகின் தலைக்கும் செக்டர் ஷாஃப்ட்டின் பள்ளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.002 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கான ஷிம்கள் (மெல்லிய தகடுகள்) தொகுப்பில் இல்லை. தனியாகத் தேடி வாங்கினேன்.

பூட்டிய பிறகு இறுக்கம் வைப்பதில் அவசரப்படாதீர்கள். செக்டர் திருகைத் தளர்த்தி வைத்துக்கொண்டு முதலில் வார்ம் பேரிங்குகளின் இறுக்கத்தை வையுங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, அந்த நடுப்புள்ளியில் மட்டும் செக்டரை இறுக்குங்கள். நடுவைத் தாண்டும்போது கைக்கு ஒரு மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும், ஓரங்களில் அது இருக்கக் கூடாது. உள்ளே கெட்டி கிரீஸைத் திணிக்க வேண்டாம். பல் ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி அந்த இடத்துக்கு வராது. நான் 00 தரத்து அரைத்திரவ கிரீஸ் ஊற்றினேன்.

இப்போது ஸ்டீயரிங்கின் ஆட்டம் அரை அங்குலத்துக்கும் குறைவு. வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறது. ஐந்து மாதங்களாக செக்டர் சீலின் அடியில் வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கட்டி வைத்துப் பார்த்துவருகிறேன். இதுவரை ஒரு பொட்டுக் கறை இல்லை. வார்ம் நன்றாக இருந்து, ரீமரும் ஷிம்மும் கையில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பிடித்துக்கொண்ட ஒன்று அந்தத் தாளுக்காக.