லெவ்ஸ்கியா, சிஎஸ்கேஏவா? சோஃபியாவின் இரு கழகங்களும் இரு வேறு கணக்குகளும்

பல்கேரியாவின் மிகப் பெரிய கால்பந்துக் கழகம் எது என்பதைப் பட்டங்களை எண்ணி முடிவு செய்வதென்றால் அது ஒரு நிமிட வேலை. ராணுவக் கழகமான சிஎஸ்கேஏ சோஃபியாவின் பெயரில் 31 தேசிய லீக் பட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. லெவ்ஸ்கி சோஃபியா 2009 வரை வென்றவை 26. ஆனால் நீலச் சட்டை அணியும் லெவ்ஸ்கி ரசிகரிடம் இதைச் சொன்னால், அந்த 31-இல் ராணுவம் பெற்றுத் தந்தவை எத்தனை என்று கேட்பார். சிவப்புச் சட்டை அணியும் சிஎஸ்கேஏ ரசிகரோ, நாடுகளின் சாம்பியன் கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில் நீங்கள் ஒருமுறையாவது அரையிறுதியைக் கண்டதுண்டா என்று திருப்பிக் கேட்பார். இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இந்த ஒப்பீட்டை மொத்தக் கூட்டலோடு நிறுத்திவிட முடியவில்லை.

பிறப்பிலேயே இரண்டும் வேறு. லெவ்ஸ்கி 1914 மே 24 அன்று சோஃபியாவின் பள்ளி மாணவர் சிலரால் தொடங்கப்பட்டது. ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துப் புரட்சி அமைப்பைக் கட்டி, 1873-இல் அந்நகரிலேயே தூக்கிலிடப்பட்ட வசில் லெவ்ஸ்கியின் பெயரை அவர்கள் தங்கள் அணிக்குச் சூட்டினார்கள். சிஎஸ்கேஏ 1948 மே 5 அன்று, புதிய கம்யூனிச அரசின் கீழ், ராணுவத்தின் மத்திய இல்லத்தோடு இணைந்த கழகமாகப் பிறந்தது. அதற்கு முன்னோடியாக 1923-இல் அமைந்த ராணுவ அதிகாரிகளின் கழகம் ஒன்றையும் அதன் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. எப்படிப் பார்த்தாலும், ஒன்று தெருவிலும் பள்ளி மைதானத்திலும் முளைத்தது, மற்றொன்று ஆணையால் நடப்பட்டது.

ஆணையால் நடப்பட்டது என்பதால் வேர் பிடிக்கவில்லை என்று பொருளல்ல. பிறந்து நான்கே மாதங்களில் சிஎஸ்கேஏ, அப்போது நடப்புச் சாம்பியனாக இருந்த லெவ்ஸ்கியைத் தேசிய இறுதிப்போட்டியில் சந்தித்தது. இரண்டு ஆட்டங்களாக நடந்த அந்த இறுதியின் முதல் ஆட்டத்தில் லெவ்ஸ்கி 2-1 என வென்றது. செப்டம்பர் 9 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தில் சிஎஸ்கேஏ 2-1 என முன்னிலையில் இருக்க, மொத்தக் கணக்கு சமனாகிக் கடைசி நிமிடம் வரை போனது. அந்தக் கடைசி நிமிடத்தில்தான் நாக்கோ சக்மகோவ் மூன்றாவது கோலை அடித்தார். பிறந்த ஆண்டிலேயே பட்டம், அதுவும் பழைய நாயகனிடமிருந்து பறித்த பட்டம். இன்று ‘நித்திய டெர்பி’ (டெர்பி என்றால் ஒரே நகரின் இரு அணிகள் மோதும் ஆட்டம்) என்று பல்கேரியர் அழைக்கும் பகையின் விதை அந்த ஒரு கோலில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி மொத்த எண்களைக் காலவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். சிஎஸ்கேஏ பிறப்பதற்கு முன்பே லெவ்ஸ்கி 1933, 1937, 1942, 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் ஐந்து பட்டங்களை வென்றிருந்தது. 1948-இலிருந்து 1990 கோடை வரையிலான காலத்தில் சிஎஸ்கேஏ வென்றவை 26, லெவ்ஸ்கி வென்றவை 12. ஒரு கட்சி ஆட்சி முடிந்து, ராணுவத்தின் பிடியும் தளர்ந்த பின்பு, அதாவது 1990 கோடைக்குப் பின் 2009 வரை, லெவ்ஸ்கிக்கு ஒன்பது பட்டங்கள், சிஎஸ்கேஏவுக்கு ஐந்து. வேறு வகையில் சொன்னால், அரசு கால்பந்தை நேரடியாக நடத்திய நாற்பத்திரண்டு ஆண்டுகளில் சிவப்பு அணி இரு மடங்குக்கு மேல் முன்னிலை பெற்றது. அந்தக் காலத்துக்கு வெளியே நீல அணி பதினான்குக்கு ஐந்து என்று முந்தி நிற்கிறது. 31-ஐயும் 26-ஐயும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தத் தலைகீழ் மாற்றம் கண்ணில் படாது.

ராணுவக் கழகம் என்பதன் நடைமுறைப் பொருள் எளிமையானது. கட்டாய ராணுவ சேவை நடைமுறையில் இருந்த நாட்டில், திறமையுள்ள இளைஞன் ஒருவன் சீருடை அணியும் வயதை எட்டும்போது ராணுவ அணியின் கதவு தானாகத் திறந்தது. 1954 முதல் 1962 வரை சிஎஸ்கேஏ தொடர்ந்து ஒன்பது பட்டங்களை வென்றதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது அந்த வீரர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் இதைக் கணக்கில் எடுக்காமல் அந்த ஒன்பதைப் பேசுவதும் நேர்மையாகாது.

இந்த இடத்தில் லெவ்ஸ்கி ரசிகர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பகுதியைச் சேர்த்தாக வேண்டும். தங்கள் கழகத்தை அரசுக்கு எதிராக நின்ற மக்கள் அணியாகவே அவர்கள் சித்திரிப்பார்கள். 1949-இல் அதன் பெயர் சோவியத் பாணியில் டினாமோ என்று மாற்றப்பட்டதும், 1957-இல்தான் பழைய பெயர் திரும்பியதும் அந்தச் சித்திரத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனால் 1969-இல் அது ஸ்பார்டக் சோஃபியாவோடு இணைக்கப்பட்டு, லெவ்ஸ்கி-ஸ்பார்டக் என்ற பெயரில் உள்துறை அமைச்சகத்தின் ஆதரவின் கீழ் வந்தது. ஆக, அதன் பிறகு சோஃபியாவின் டெர்பி மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான போட்டியாக இருக்கவில்லை, படைவீரரின் அமைச்சகத்துக்கும் காவலரின் அமைச்சகத்துக்கும் இடையிலான போட்டியாக இருந்தது. வியப்பு என்னவென்றால், இந்த ஏற்பாடு பட்டக் கணக்கைப் பெரிதாக அசைக்கவே இல்லை: 1948 முதல் 1968 வரை சிஎஸ்கேஏ 13, லெவ்ஸ்கி 5 என்றிருந்தது, 1969 முதல் 1990 வரை 13-க்கு 7 என்று மட்டும் ஆனது.

இரண்டு அணிகளும் அரசின் பிள்ளைகளே என்பதை அரசே ஒருநாள் நினைவூட்டியது. 1985 ஜூன் 19 அன்று நடந்த தேசியக் கோப்பை இறுதியில் சிஎஸ்கேஏ லெவ்ஸ்கியை 2-1 என வென்றது. ஆட்டத்தின் போதும் முடிவிலும் வீரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள்களில் கட்சியின் மத்தியக் குழு இரு கழகங்களையும் கலைக்க முடிவு செய்தது. லெவ்ஸ்கியின் அந்த ஆண்டுப் பட்டம் பறிக்கப்பட்டது, கோப்பையும் நிறுத்தி வைக்கப்பட்டது. லெவ்ஸ்கி ‘விதோஷா’ ஆனது, சிஎஸ்கேஏ ‘ஸ்ரெதெத்ஸ்’ ஆனது. ஒன்று நகரை அடுத்த மலையின் பெயர், மற்றொன்று சோஃபியாவின் பழம்பெயர்களுள் ஒன்று. லெவ்ஸ்கியின் கோல்கீப்பர் போரிஸ்லாவ் மிஹாய்லோவ், சிஎஸ்கேஏவின் பத்தொன்பது வயது ஹ்ரிஸ்டோ ஸ்டோய்ச்கோவ் உள்ளிட்ட சிலருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அந்த வாழ்நாள் மிகவும் குறுகியது. தடைகள் விலக்கப்பட்டன, பறித்த பட்டம் பின்னர் திருப்பித் தரப்பட்டது, 1989-90 வாக்கில் பழைய பெயர்களும் வந்து சேர்ந்தன. 1994-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் பல்கேரியா ஜெர்மனியை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனபோது, கோல் வாயிலில் நின்றவர் மிஹாய்லோவ், ஆறு கோல்களோடு தொடரின் அதிக கோல் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்தவர் ஸ்டோய்ச்கோவ்.

ஐரோப்பிய அரங்கைப் பொறுத்தவரை ஒப்பீடு ஒருபக்கமாகவே சாய்கிறது, அதை மழுப்பத் தேவையில்லை. சிஎஸ்கேஏ 1967-இல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இன்டர் மிலானோடு இருமுறை 1-1 எனச் சமன் செய்து, பொலோனியாவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் 0-1 எனத் தோற்றது. 1973-இல், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பாவை ஆண்ட அயாக்ஸை, ஆம்ஸ்டர்டாமில் 0-1 எனத் தோற்ற பின்பும், சோஃபியாவில் கூடுதல் நேரத்தில் 2-0 என வென்று வெளியேற்றியது. அயாக்ஸின் நட்சத்திர வீரர் க்ரைஃப் அப்போது பார்சிலோனாவுக்குப் போயிருந்தார் என்பது உண்மைதான், ஆனால் அவரில்லாத அயாக்ஸும் சாதாரண அணியன்று. 1980-இல் நடப்புச் சாம்பியன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை இரு ஆட்டங்களிலும் 1-0 என வென்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக 1982 மார்ச் மாதம் நிற்கிறது. லிவர்பூலிடம் ஆன்ஃபீல்டில் 0-1 எனத் தோற்றுத் திரும்பிய சிஎஸ்கேஏ, சோஃபியாவில் முக்கால் ஆட்டம் கடந்தும் கோல் இல்லாமல் தவித்தது. அப்போது பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்க கோல்கீப்பர் க்ரோபலார் முன்னேறி வந்து தவறவிட, பின்னால் காத்திருந்த ஸ்டோய்ச்சோ ம்லாதெனோவ் காலியாகக் கிடந்த வலைக்குள் தலையால் தள்ளினார். கூடுதல் நேரத்தில் இரண்டாவது கோலும் அவருடையதே. அரையிறுதியில் பாயர்ன் மியூனிக்கை எதிர்த்து முதல் இருபது நிமிடங்களுக்குள் 3-0 என முன்னேறிய அந்த அணி, 4-3 என மட்டுமே வென்று, மியூனிக்கில் 0-4 எனச் சரிந்தது. அந்த இருபது நிமிடங்களைவிட உயரமான இடத்தில் பல்கேரியக் கழகக் கால்பந்து அதற்குப் பின் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

லெவ்ஸ்கியின் ஐரோப்பியக் கதை தனித்தனி இரவுகளால் ஆனது. 1976-இல் பார்சிலோனாவை 5-4 என வென்றது, ஆனால் முதல் ஆட்டத்தில் ஏற்கெனவே 0-4 எனத் தோற்றிருந்தது. ஸ்டுட்கார்ட்டை 1983-இலும் 1984-இலும் அடுத்தடுத்து வெளியேற்றியது. 1993-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை, கடைசி நேரத்தில் நிகொலாய் தொதொரோவ் தொலைவிலிருந்து உதைத்த ஒரே உதையால் வீட்டுக்கு அனுப்பியது. எந்த ஐரோப்பியத் தொடரிலும் காலிறுதியைத் தாண்டியதில்லை. 2006-இல், ஐரோப்பியக் கோப்பையின் புதிய வடிவமான சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடிய முதல் பல்கேரியக் கழகம் என்ற பெருமை அதற்குண்டு, சிஎஸ்கேஏவுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் பார்சிலோனா, செல்சி, வெர்டர் பிரேமன் ஆகியவற்றுக்கிடையே ஆறு ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல் அடித்து 17 கோல் வாங்கிய பெருமை அது.

நாயகர்களை ஒப்பிட்டால் வேறொரு வேறுபாடு தெரிகிறது. சிஎஸ்கேஏ தன் நாயகர்களை உலகுக்கு அனுப்பியது: 1969-இல் 36 கோல்களோடு, ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்ற பெதர் ஷெக்கோவ் உள்நாட்டிலேயே இருந்தாலும், 1990-இல் 38 கோல்களோடு அதைப் பகிர்ந்துகொண்ட ஸ்டோய்ச்கோவ் பார்சிலோனாவுக்குப் போய் ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை 1994-இல் பெறும் வரை உயர்ந்தார். லெவ்ஸ்கியின் நாயகரோ எங்கும் போகவில்லை. கெயோர்கி அஸ்பாருஹோவ் 1971 ஜூன் 28 அன்று சிஎஸ்கேஏவுக்கு எதிரான ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டார். இரண்டு நாள் கழித்து, விதின்யா கணவாயில் சக வீரர் நிகோலா கொத்கோவோடு சென்ற கார் விபத்துக்குள்ளாக, இருவரும் இறந்தனர். அவருக்கு வயது 28. இறுதி ஊர்வலத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். லெவ்ஸ்கியின் கெரெனா மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கோப்பைகளின் எண்ணிக்கை எட்டாத இடத்தை ஒரு மனிதரின் நினைவு நிரப்ப முடியும் என்பதற்கு லெவ்ஸ்கி ரசிகர்களைவிட வேறு சான்று வேண்டாம்.

இருவரும் நெடுங்காலம் பெரும்பாலும் மோதிக்கொண்ட பொது மைதானமான தேசிய அரங்கின் பெயரும் வசில் லெவ்ஸ்கிதான். நீல அணியின் பழைய மைதானம் இருந்த இடத்தில்தான் அது எழுந்தது. சிவப்பு ரசிகர்களுக்கு இது சிறு எரிச்சலாவது தராமலா இருக்கும்!

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய பகுதி அண்மைக் காலத்தில் இருக்கிறது. 2015-இல் கடன்களால் சிஎஸ்கேஏவுக்கு உயர்மட்ட லீக் உரிமம் மறுக்கப்பட்டு, அது மூன்றாம் மட்டத்துக்கு இறங்கியது. அங்கிருந்தபடியே 2016-இல் மொன்தானாவை 1-0 என வென்று தேசியக் கோப்பையைக் கைப்பற்றியது, மூன்றாம் மட்ட அணி எதுவும் அதுவரை செய்திராத செயல். ஆனால் மேலே திரும்பிய வழி விளையாட்டால் அமைந்ததன்று. லோவெச் நகரின் லிடெக்ஸ் கழகத்தின் உரிமம் சோஃபியாவுக்கு மாற்றப்பட்டு, ‘சிஎஸ்கேஏ-சோஃபியா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அதே லிடெக்ஸ், 2015 டிசம்பரில் லெவ்ஸ்கிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே மைதானத்தைவிட்டு வெளியேறியதற்காக லீக்கிலிருந்து நீக்கப்பட்ட அணி என்பது இந்தக் கதையின் கசப்பான நகைச்சுவை. இந்த வழியை ஏற்காத ரசிகர் குழுவொன்று 2016-இல் ‘சிஎஸ்கேஏ 1948’ என்ற தனிக் கழகத்தை அடித்தட்டிலிருந்து தொடங்கியது. 2020-இல் அதுவும் உயர்மட்ட லீக்கை எட்டியது. இப்போது ஒரே நகரில், ஒரே லீக்கில், 1948-இன் வாரிசு நாங்கள்தான் என்று சொல்ல இரண்டு அணிகள் இருக்கின்றன. 31 பட்டங்கள் உரிமத்தோடு போகுமா, பெயரோடு போகுமா, பார்வையாளர் மேடையில் நின்று பாடும் ரசிகர் கூட்டத்தோடு போகுமா என்பதைச் சட்டம் ஒருவகையில் தீர்த்திருக்கலாம். அந்த மேடையில் நின்றவர்கள் மனத்தில் அது ஒரே வகையில் தீரவில்லை.

லெவ்ஸ்கியும் 2020-இல் இதே பள்ளத்தின் விளிம்பில் நின்றது. உரிமையாளர் தம் பங்குகளைக் கைவிட்டதும், பழைய கோலடி வீரர் நாஸ்கோ சிராகோவ் பொறுப்பேற்க, ரசிகர்கள் தங்கள் பணத்தால் கழகத்தைத் தாங்கினார்கள். அது கீழே இறங்கவில்லை, வேறு கழகத்தின் உரிமத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை. உயர்மட்ட லீக்கிலிருந்து ஒருமுறைகூட வெளியேறாத அணி என்ற பெயர் நிலைத்தது.

இருவரும் இப்படித் தடுமாறிய ஆண்டுகளில் பட்டங்கள் எல்லாம் ரஸ்கிராத் என்ற சிறு நகருக்குப் போயின. லுதொகொரெத்ஸ் 2012 முதல் 2025 வரை தொடர்ந்து பதினான்கு முறை சாம்பியனாகி, சிஎஸ்கேஏவின் பழைய ஒன்பதை எளிதாகக் கடந்துவிட்டது. சாதனையில் அது இருவருக்கும் போட்டியாளர். வரலாற்றின் எடையில் இன்னும் இல்லை, அதற்கு வயது போதாது.

ஆகவே மைதானத்தில் நிகழ்ந்ததை மட்டும் எடை போடுபவருக்கு நான் சிஎஸ்கேஏவைத் தயங்காமல் காட்டுவேன், அயாக்ஸும் ஃபாரஸ்ட்டும் லிவர்பூலும் எந்த அமைச்சக ஆணைக்கும் பணிந்து தோற்றவையல்ல. ஒரு கழகத்தின் முறியாத வரலாறு எது என்று கேட்பவருக்கு லெவ்ஸ்கியைக் காட்டுவேன். 2022 மே 15 அன்று தேசிய அரங்கில் கோப்பை இறுதி நடந்தது. ரசிகர் பணத்தில் உயிர் பிழைத்த லெவ்ஸ்கி, இலியான் ஸ்தெஃபானோவின் ஒரே கோலால் சிஎஸ்கேஏவை 1-0 என வென்றது. அது அதன் 26-ஆவது தேசியக் கோப்பை, பதின்மூன்று ஆண்டுகளில் கையில் ஏந்திய முதல் வெற்றிச் சின்னம்.